வொண்டர்லா அடுத்து என்ன கட்டும்? கள்ளக்குறிச்சி மொட்டைமாடியிலிருந்து ஒரு கணிப்பு

இந்த எபிசோடை கள்ளக்குறிச்சியில அம்மா வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல கரும்பு லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. இது அரவை சீசன், எடிட்ல எவ்வளவு வெட்டினாலும் ஒன்னு ரெண்டு தப்பிச்சு வந்துடும்.

முதல்லயே ஒரு விஷயம் ஒத்துக்கிறேன். நான் ஈசிஆர் கட்சி. எங்க தலைமுறைக்கு தீம் பார்க்னா விஜிபி, எம்ஜிஎம் ரெண்டுதான். எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் டூர்ல எம்ஜிஎம் போனோம். ராத்திரி பத்து மணிக்கு இங்க பஸ் ஏறி, விடியக்காலையில மெரினா, அப்புறம் வண்டலூர், கடைசியா பார்க். உள்ள போனப்ப மணி ரெண்டரை. மூணு ரைடு ஏறியிருப்போம், பி.டி. சார் விசில் ஊதிட்டார். அந்த விசில் இன்னும் காதுல இருக்கு. ஏன் இதைச் சொல்றேன்னு கடைசியில புரியும்.

இப்ப எதிர்க்கட்சி ஊருக்குள்ள வந்தாச்சு. 2025 டிசம்பர் 2ஆம் தேதி திருப்போரூர் பக்கம் வொண்டர்லா சென்னை திறந்துட்டாங்க. சுமார் 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடு. 'தஞ்சோரா'ன்னு ஒரு ரோலர் கோஸ்டர், தண்டவாளம் தலைக்கு மேல, நம்ம கால் அந்தரத்துல. செஞ்சது சுவிட்சர்லாந்தோட பொலிகர் அண்ட் மேபிலார்ட் கம்பெனி. போய்ட்டு வந்த எல்லாரும் அதைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு அதைவிட சுவாரசியமான கேள்வி ஒன்னு இருக்கு. இவங்க அடுத்து என்ன கட்டப் போறாங்க?

உள்ளே இருந்து எனக்கு யாரும் எதுவும் சொல்லல. பொதுவுல இருக்கிற விவரத்தை வச்சுதான் கணக்குப் போடுறேன். பழைய கமிட்களைப் பார்த்தா அடுத்த ரிலீஸ் எப்படி இருக்கும்னு ஓரளவு யூகிக்கலாம்ல, அந்த மாதிரி.

முதல்ல நிலம். கொச்சி பார்க் 2000ல வீகாலேண்டுங்கிற பேர்ல ஆரம்பிச்சது, சுமார் 93 ஏக்கர். பெங்களூரு பிடதி 2005ல, சுமார் 82 ஏக்கர். ஹைதராபாத் 2016ல, 50 ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. புவனேஸ்வர் 2024ல, அதுவும் கிட்டத்தட்ட 50. ஐம்பது ஏக்கருக்குள்ள ஒரு முழு பார்க்கை ஓட்ட இவங்களுக்குத் தெரியும். அப்ப சென்னையில 64 ஏக்கர் ஏன்? வளர்றதுக்கு இடம் வச்சு வாங்கியிருக்காங்கன்னுதான் நான் படிக்கிறேன்.

எதுவா வளரும்? ஈசிஆர் கட்சி நண்பர்கள் எல்லாம் "இன்னொரு பெரிய கோஸ்டர்"னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. கோஸ்டர் வந்தா சனி, ஞாயிறு கூட்டம் இன்னும் கூடும். ஆனா சனி, ஞாயிறு ஏற்கனவே கூட்டம்தானே. பார்க் நடத்துறவங்களுக்குத் தூக்கம் கெடுறது செவ்வாய்க்கிழமையிலதான். ரைடுக்குப் பராமரிப்புச் செலவு, ஊழியர் சம்பளம், தண்ணி சுத்திகரிக்கிற செலவு எல்லாம் செவ்வாய்க்கிழமையும் அதே அளவுதான். கோடை லீவுலயும் ஸ்கூல் டூர் மாசங்கள்லயும் சமாளிச்சுடலாம். ஜூலை மாசத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவா?

நான் வருவேன். ஆமா, ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிற நாமதான் வருவோம். டீம் அவுட்டிங்! காலையில ஒரு ஹால்ல மேனேஜர் ஸ்லைடு போடுவார், மதியம் பஃபே, சாயங்காலம் நீச்சல் குளம், ராத்திரி டிஜே. இதுக்கு இன்னைக்கு நம்ம கம்பெனிகள் எங்க போகுது? ஈசிஆர் ரிசார்ட்டுக்கு. விஜிபிக்கும் எம்ஜிஎம்முக்கும் கடற்கரையை ஒட்டி ரிசார்ட் ரொம்ப காலமா இருக்கு. வொண்டர்லாகிட்ட கடல் கிடையாது, ஆனா சிறுசேரி சிப்காட் பக்கத்துலயே இருக்கு. மாதவரத்துலருந்து சிப்காட் வரைக்கும் மெட்ரோ வேலையும் நடந்துட்டு இருக்கு.

அதனால என் கணிப்பு: முதல் பெரிய விரிவாக்கம் அறைகளும் ஒரு கூட்ட அரங்கும்தான். பெங்களூருல பார்க் திறந்து ஏழு வருஷம் கழிச்சு, 2012ல 84 அறையோட ரிசார்ட் கட்டினாங்க. சென்னையில ஏழு வருஷம் ஆகாது, மூணுலருந்து அஞ்சு வருஷம்னு வச்சுக்கலாம். சைஸ் சின்னதாத்தான் இருக்கும். வாடகை பெரும்பாலும் 7,500 ரூபாய்க்குக் கீழ நிக்கும். 2025 செப்டம்பர்லருந்து அந்த விலை வரைக்குமான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதைத் தாண்டினா 18. அந்தக் கோட்டை யாரும் சும்மா தாண்ட மாட்டாங்க.

இப்ப என் கணிப்பை நானே கொஞ்சம் உடைக்கிறேன். கொச்சிக்கு 25 வருஷம் ஆச்சு. பழைய பார்க்குகள்ல பிடதியிலதான் ரிசார்ட் கட்டினாங்க, கொச்சியில கட்டல. மாமல்லபுரம் பக்கத்துலயே அறைக்கு என்ன பஞ்சம்? இது நியாயமான எதிர்வாதம். இதுக்குப் பதில் வால்ட் டிஸ்னிகிட்ட இருக்கு. 1955ல கலிபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் திறந்தப்ப சுத்தி இருந்த இடமெல்லாம் மத்தவங்க கையில. அங்க மோட்டல் முளைச்சு, பார்க்குக்கு வந்த கூட்டத்தை வச்சு அவங்க சம்பாதிச்சாங்க. அந்தக் கடுப்புலதான் ஃப்ளோரிடாவுல பேர் சொல்லாம 27,000 ஏக்கருக்கு மேல வாங்கிப் போட்டாங்க. 1971ல திறக்கும்போதே ஹோட்டலோட திறந்தாங்க. பக்கத்துல அறை நிறைய இருக்குங்கிறது, அந்தக் காசு பக்கத்து வீட்டுக்குப் போகுதுங்கிறதும்தான்.

ஆனா ஹோட்டலை அவசரப்பட்டுக் கட்டினா என்ன ஆகும்னும் இந்தியாவுல பார்த்தாச்சு. மும்பை-புனே நடுவுல கோபோலியில இமேஜிகா 2013ல பிரம்மாண்டமா ஆரம்பிச்சது. 2015ல நோவோடெல் ஹோட்டலும் வந்துடுச்சு. கடன் கழுத்தை நெரிச்சு, 2022ல மல்பாணி குழுமத்து கைக்குப் போச்சு. வொண்டர்லா அதுக்கு நேர் எதிர் ஜாதகம், பெருசா கடன் வாங்காம மெதுவா போற ஆளுங்க. 2024 டிசம்பர்ல பங்கு வித்துத்தான் 540 கோடி திரட்டினாங்க. சென்னை பார்க்கையே பத்து சதவீத உள்ளாட்சி கேளிக்கை வரிக்கு விலக்கு கிடைக்கிற வரைக்கும் பல வருஷம் ஆறப்போட்டவங்க. அந்தப் பொறுமையைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயமாவே இருக்கு, எதிர்க்கட்சிங்கிற முறையில.

ரெண்டாவதா கூரைக்கு உள்ளே ஏதாவது வரும். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை நேரா நம்ம கடற்கரையிலதான் கொட்டுது. விஜிபி இதை முன்னாடியே புரிஞ்சுக்கிட்டு ஸ்னோ கிங்டம், மரைன் கிங்டம்னு கட்டிடத்துக்குள்ள போய்ட்டாங்க. இதுக்கு மேல இதுல சொல்ல ஒன்னும் இல்ல.

சரி, கள்ளக்குறிச்சிக்கு வருவோம். இந்த எபிசோடே ஒரு போன்லருந்து ஆரம்பிச்சதுதான். எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, கல்வராயன் மலையில ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில டீச்சர். "டேய், புதுசா திறந்திருக்காங்களே, பசங்க ரீல்ஸ்ல பார்த்துட்டு கேட்டுட்டே இருக்காங்க. ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமாடா?"ன்னு கேட்டாங்க.

கணக்குப் போட்டேன். வெள்ளிமலையிலருந்து கரியாலூர், கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சி இறங்கவே ஒன்றரை மணி நேரம் வச்சுக்கணும். அங்கருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. செங்கல்பட்டுல பிரிஞ்சா சென்னைக்குள்ள போகாமலே திருப்போரூர். நாலு மணி நேரத்துக்கு மேல. மொத்தம் ஒரு வழிக்கு ஆறு மணி நேரம். ஒன்னு, ராத்திரி பயணம் பண்ணித் தூக்கம் இல்லாத பசங்களை ரைடுல ஏத்தணும். இல்லைன்னா எங்க காலத்து மாதிரி ரெண்டரை மணிக்கு உள்ள போய் விசில்.

டிக்கெட் திறந்தப்பவே 1,489 ரூபாய்லருந்து ஆரம்பம். ஸ்கூல் குரூப்புக்குக் குறைச்சுத் தருவாங்கதான். இருந்தாலும் பஸ் வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு தலைக்கு எவ்வளவுன்னு சொன்னதும், அக்கா பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"ஏன் நம்ம மலையிலயே ஒன்னு வரக் கூடாது?"ன்னு நேயர்கள்ல சிலர் கேட்டிருந்தீங்க. ஏழைகளின் மலைவாசஸ்தலம்னு போர்டுல போட்டுக்கிறோம், பெரியார் அருவி இருக்கு, மேகம் அருவி இருக்கு, கரியாலூர்ல படகு இருக்கு. வராதுங்க. நிறைய இடம் காப்புக்காடு. 1976 வரைக்கும் ஜாகீர்தார் கையில இருந்த மலை அது. 2024ல கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன் மலை மக்கள் பத்தி ஒரு வழக்கை எடுத்துச்சு. அதுல பேசினதே ரோடு மாதிரி அடிப்படை வசதிகளைத்தான். ரோடுக்கே கோர்ட் கேட்க வேண்டியிருக்கிற இடத்துல ரோலர் கோஸ்டர் கனவு எனக்கு வரல. அருவி அப்படியே இருந்தா போதும்.

என் கணிப்பு பலிச்சா, அந்த 64 ஏக்கர்ல வரப்போற அறைகள் எனக்காகக் கட்டப்படும். பார்க்குலருந்து முக்கால் மணி நேரத்துல வீடு இருக்கிற எனக்கு, கம்பெனி காசுல தங்க இடம். நிஜமாவே ராத்திரி தங்கணும்னு தேவை இருக்கிறது ஆறு மணி நேரம் பஸ்ல வர்ற அந்தப் பசங்களுக்கு. அவங்களுக்கு ஏசி ரூம் வேண்டாம். பையனுக்கு ஒரு ஹால், பொண்ணுக்கு ஒரு ஹால், பாய், குளியலறை, காலையில பொங்கல். ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து தங்கி, திங்கக்கிழமை கேட் திறக்கும்போது முதல் ஆளா நிப்பாங்க. பார்க்குக்கும் அந்த வெறிச்சோடின வார நாள்தானே பிரச்சனை? நான் முதலாளியா இருந்தா அதைத்தான் முதல்ல கட்டுவேன். ஆனா கணிப்பு வேற, ஆசை வேற. கணிப்புல டார்மிட்டரிக்கு நான் பத்துக்கு ரெண்டு மார்க்தான் போடுறேன்.

விஜிபி, எம்ஜிஎம் ஆளுங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, இது உங்களுக்கும் திறந்திருக்கிற வாசல். டீம் அவுட்டிங்ல எதிர்க்கட்சி கை வைக்கப் போகுது. மலையிலருந்தும் சின்ன ஊர்லருந்தும் வர்ற ஸ்கூல் பஸ்ஸுக்கு ராத்திரி தங்க இடம் கொடுத்துப் பாருங்க. எட்டாவதுல ஏறின மூணு ரைடுக்கே நான் இத்தனை வருஷமா உங்க கட்சியில இருக்கேன்.

அக்கா இப்போதைக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கம் ஒரு ஸ்கூலோ கல்யாண மண்டபமோ ஒரு ராத்திரிக்குக் கிடைச்சா போறது, இல்லைன்னா அடுத்த வருஷம். நாற்பத்திரண்டு பசங்க, மூணு டீச்சர். அந்தப் பக்கம் இருக்கிற நேயர்கள் யாருக்காவது மண்டபம் தெரிஞ்சா மெசேஜ் பண்ணுங்க, தண்ணி வசதி எப்படின்னும் சேர்த்துச் சொல்லுங்க. நான் நாளைக்கு அவங்களைப் பார்க்க மலைக்குப் போறேன், அங்க சிக்னல் கிடைக்கிறப்ப பதில் போடுறேன்.