கடலுக்கு ஓய்வு கொடுத்த ஊர்



நம் ஆண்டுவிழாக் காணிக்கையில் ஒரு பங்கை மீனவ கிராமம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல காரியம். அனுப்புமுன், மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையிலுள்ள அந்தவதுவாக்கா என்ற ஊரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளைகளே, ஆக்டோபஸ் தெரியுமா? நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். அதன் ஆயுசு ஒன்றிரண்டு வருஷந்தான். ஆனால் வளர்ச்சி மகா வேகம். தாய் ஒரே தடவை முட்டையிட்டு, இரை தேடவும் போகாமல் அவற்றைக் காத்து, பொரிக்கும் சமயத்தில் செத்துப்போகும். அந்த ஊரில் கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் பவளப்பாரின் மேல் நடந்துபோய், பொந்துகளில் ஒளிந்திருப்பதைக் குத்திப் பிடிப்பார்கள். ஏற்றுமதிக்கு வாங்க ஆள் வந்தபின் பிடிப்பு கூடியது. குஞ்சையும் விட்டுவைக்கவில்லை.

2004-ல் ஊரார் ஒரு பாரை மட்டும் ஏழு மாதம் மூடினார்கள். மற்ற இடங்களில் பிடிக்கத் தடையில்லை. திறந்தபோது கிடைத்தவை நல்ல பருமன்! பக்கத்து ஊர்களும் அப்படியே செய்தன. 2006-ல் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து 'வெலோன்ட்ரியாக்கே' என்ற அமைப்பை உண்டாக்கின. கடலோடு வாழ்தல் என்று அர்த்தம். விதிகளை ஊராரே வகுத்தார்கள். அதற்குப் பெயர் 'தீனா'. நம் கடற்கரைகளின் ஊர்க்கட்டுப்பாடு போலத்தான். மீறினால் அபராதம்.

மூடினால் நஷ்டம் யாருக்கு? படகு உள்ளவர் வேறு பாருக்குப் போவார். நடந்துபோய்ப் பிடிக்கும் பெண்ணுக்கோ அன்றைய அரிசிக் காசு போய்விடும். எந்தப் பார், எந்த மாதம் என்பதை லண்டனிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. புளூ வென்ச்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனமும், துலியாராவின் கடல் ஆய்வு நிலையமும், வாங்கும் கம்பெனியும் கூட்டாளிகளாக இருந்தார்கள். எடை போட்டார்கள், கணக்கு வைத்தார்கள், சந்தைக்கு வழி செய்தார்கள். தீர்மானம் ஊருடையது.

நர்ஸாகிய எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கடலைக் காக்க வந்தவர்களிடம் அந்தத் தாய்மார் தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். பிள்ளைப்பேறுகளுக்கு இடைவெளி விட உதவி வேண்டுமானால், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள மொரொம்பேக்குப் போகவேண்டும். (பிள்ளைகள் இருப்பதால் இதற்குமேல் விளக்கவில்லை.) 2007-ல் ஊரிலேயே கிளினிக் திறந்தது. பிறகு தாய்சேய் நலப் பணியும், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியும் வந்தன. மீன் கணக்கு எடுக்க வந்தவர்கள் கிளினிக் நடத்துவானேன் என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டில் நான் படித்தபோது முதலில் பழக்கியது, மருந்தை எடுக்குமுன் நோயாளியிடம் கேள் என்பதைத்தான். அவர்கள் கேட்டார்கள்.

நம் கமிட்டி வலைகள் வாங்கி அனுப்ப நினைக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. வலை அதிகமாகி மீன் குறைந்த கடலாக இருந்தால்? முதலில் ஒரு கடிதம் போகட்டும். அதை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே எழுதலாம். ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்று, மீன் விற்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. பதில் வரும்வரை காணிக்கை பொருளாளரிடம் இருக்கட்டும்.