மணி அடித்த பிறகு



புதுக் கட்டிடத்துக்கு நிதி திரட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எத்தனை வகுப்பறை, எத்தனை சதுர அடி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். என் கேள்வி வேறு. மணி அடித்த பிறகு பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

அகமதாபாத் நகரில் செப்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1962-ல் கட்டிடக்கலைப் பள்ளியாகத் தொடங்கியது. அதைத் தொடங்கிய பாலகிருஷ்ண தோஷியே கட்டிடத்தையும் வடிவமைத்தார். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். 1968-ல் முடிந்த அந்தக் கட்டிடத்தில் பளபளப்பு எதுவும் கிடையாது. செங்கல் சுவர், பூசாத கான்கிரீட், அவ்வளவுதான். வரைகூடங்களுக்கு வடக்கிலிருந்து வெளிச்சம் வருகிறது. நேர் வெயில் கண்ணைக் கூசாது. கூடங்களுக்குக் கீழே நிழலான திறந்தவெளி. கூடிப் பேசுவதும் கண்காட்சி வைப்பதும் அங்கேதான். அந்த இடமும் ஒரு வகுப்பறைதான் என்பது தோஷியின் கணக்கு.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? அண்ணாமலையார் கோயில் மண்டபங்களைப் பாருங்கள். தூணும் கூரையும் உண்டு, நாலு பக்கமும் சுவர் அடைப்பதில்லை. நிழலும் கிடைக்கிறது, காற்றும் வருகிறது. சித்திரை வெயிலில் ஒதுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

செங்கம், போளூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் வராந்தாவில் சீனியர் அண்ணனிடம் கேட்டுவிடுவார்கள். எனக்கே வளைதிருப்புத்திறன் வரைபடம் பிடிபட்டது அப்படித்தான், வராந்தாப் படியில், ஒரு சாக்பீஸ் துண்டால்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுவது வராந்தாவைத்தான். "அது வெறும் நடைபாதைதானே சார்" என்பார்கள். இல்லை நண்பர்களே. மேற்குப் பக்கம் அகலமான வராந்தா இருந்தால் பிற்பகல் வெயில் வகுப்பறைச் சுவரைச் சுடுவது குறையும். உள்ளே இருப்பவனுக்கும் லாபம், வெளியே இருப்பவனுக்கும் லாபம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு வகுப்பறை குறைந்தாலும் சரி, பன்னிரண்டு அடி வராந்தா வேண்டும். அதில் கல் திண்ணை, குடிதண்ணீர், எழுத ஒரு கரும்பலகை, லேப்டாப்புக்கு நாலு பிளக் பாயிண்ட். வரைபடத்தில் இவற்றைச் சேர்த்தால் என் பங்கை இரட்டிப்பாகத் தருகிறேன்.