நோட்டிலா, போனிலா? நம் நாளை நாமே எழுதி வைப்போம்

(நாங்குநேரியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "நாட்குறிப்பு எழுதுவது காகிதத்திலா, கைப்பேசியிலா?" என்பது. தலைப்பைச் சொன்னதுமே முன்வரிசையில் ஒரு மதினி, "டைரி எழுதுததுக்கு நமக்கு ஏது நேரம்? அது ஆபீசர்மார் வேலைல்லா"ன்னு சொன்னாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் மற்றதைப் பேசணும்.

நாம் எழுதாதவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைச் சோதனையாக ஆரம்பித்தது. ஒரு குழு நல்ல குழுவா என்று பார்க்க ஐந்து விஷயம் கேட்கிறார்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் கொடுக்கிறீர்களா, கடன் திரும்பி வருகிறதா, ஐந்தாவதாகப் புத்தகம் எழுதுகிறீர்களா. தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்பும் கடனும் எழுதும் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக், எல்லாம் நம் கையெழுத்துதான். இந்த மாவட்டத்தில் 1990-களில் அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்துப் படித்த அம்மாமார் எத்தனையோ பேர் இன்றைக்கும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆனால் அந்தப் புத்தகம் எல்லாம் குழுவுக்கு உரியது. "எனக்கு"ன்னு, என் நாளுக்குன்னு ஒரு புத்தகம் எத்தனை பேரிடம் இருக்கிறது? வீட்டில் பாலுக்குக் கணக்கு இருக்கும், சீட்டுக்குக் கணக்கு இருக்கும், கல்யாண மொய்க்கு நோட்டு இருக்கும். நமக்கு நடந்ததை எழுதிய நோட்டு இருக்காது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நாட்குறிப்பு என்றால் பெரிய எழுத்தாளர் எழுதுவது என்று பயப்பட வேண்டாம். தமிழில் மிகப் புகழ்பெற்ற நாட்குறிப்பை எழுதியவர் ஒரு வியாபாரி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் எழுத ஆரம்பித்து 1761-ல் சாகிற வரைக்கும் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் எழுதினார். இலக்கணத் தமிழில் இல்லை, அன்றைக்குப் பேசின தமிழில். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி, எல்லாம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை கணக்கு எழுதுகிற மாதிரி அவர் நாளை எழுதி வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றைக்கு அந்தக் குறிப்புகளைப் புரட்டாமல் இருக்க முடியாது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். பொம்பிளை படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்ன காலம். ஒரு புத்தகத்தில் இருந்து ஒரு ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். வங்க மொழியில் வந்த முதல் தன்வரலாறு என்று அதைத்தான் சொல்கிறார்கள். சமையல்கட்டில் நின்றுகொண்டே ஒருத்தி எழுத்துப் படித்திருக்கிறாள் என்றால், நமக்கு நேரம் இல்லை என்ற பேச்சை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

சரி, எழுதினால் என்ன கிடைக்கும்? முதலில் கைக்காசைப் பற்றிச் சொல்லுதேன்.

நம்ம பக்கம் பாதி வீட்டில் பீடித் தட்டு உண்டு. எங்கள் குழுவில் ஒரு அக்கா, கடையில் இலை எவ்வளவு கொடுத்தார்கள், தூள் எவ்வளவு, எத்தனை பீடி கொண்டு போட்டோம், எத்தனையைக் கழித்தார்கள் என்று தேதி போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தார். கதை, கவிதை ஒன்றும் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு வரி. ஒரு மாதம் கூலி குறைந்து வந்தபோது சண்டை போடவில்லை. நோட்டைக் கொண்டுபோய் வைத்து, "அண்ணாச்சி, பன்னிரண்டாந் தேதியும் பத்தொன்பதாந் தேதியும் உங்க கணக்கில என்ன இருக்குன்னு பாருங்க"ன்னு மட்டும் கேட்டார். பார்த்தார்கள், விட்டுப்போன கூலி வந்தது. சும்மா வாயால் கேட்டிருந்தால் "நீ மறந்திருப்ப தாயி"ன்னு அனுப்பியிருப்பார்கள்.

நூறு நாள் வேலையும் அப்படித்தான். 2023 ஜனவரியில் இருந்து வேலைத்தளத்தில் வருகையைச் செல்போன் செயலியில்தான் போட்டோ எடுத்துப் பதிகிறார்கள். அது அவர்கள் போனில் இருக்கும் கணக்கு. நீ எத்தனை நாள் போனாய் என்று உன்னிடம் ஒரு கணக்கு வேண்டாமா? ஒழுங்காகத் தேதிவாரியாக எழுதி வந்த கணக்குப் புத்தகத்தைக் கோர்ட்டிலும் ஒரு ஆதாரமாக எடுத்துப் பார்ப்பார்கள். அது மட்டுமே போதாது, வேறு சாட்சியமும் வேண்டும். ஆனாலும் ஒன்றுமில்லாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, மனசுக்கு. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், தங்களை ரொம்பப் பாதித்த ஒரு விஷயத்தைப் பற்றி நாலு நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். எழுதின அன்றைக்கு அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் பிந்திய மாதங்களில், நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரண விஷயம் எழுதியவர்களைவிடக் குறைவாகத்தான் டாக்டரிடம் போனார்கள். எல்லா நோய்க்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நெஞ்சுக்குள்ளேயே வச்சு வச்சுப் புழுங்குதேன்"ன்னு சொல்கிற நம்ம பெண்களுக்கு, கொட்டி வைக்க ஒரு இடம் வேணும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். அந்த இடம் நோட்டா, போனா?

போனுக்கு உள்ள நன்மையை மறைக்கக் கூடாது. எழுத வராதவர்கள் பேசியே பதிந்து வைக்கலாம். கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ரசீதைப் போட்டோ எடுத்து வைத்தால் தேதியோடு நிற்கும். சென்னையில் இருக்கும் மகளுக்கு அந்த நிமிடமே அனுப்பலாம்.

ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, நாம் நினைக்கிற மாதிரி அங்கே எல்லாம் நிலைத்து நிற்பதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். ஆர்குட் என்று ஒன்று இருந்தது, நம் பிள்ளைகள் எல்லாம் அதில் எழுதினார்கள். 2014 செப்டம்பர் 30-ல் அதை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் திறக்காத கூகுள் கணக்கை அழிக்கலாம் என்று அந்தக் கம்பெனியே விதி வைத்திருக்கிறது. நமக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது மருமகனாக இருக்கும், பாஸ்வேர்டு நமக்கே தெரியாது. அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

இரண்டு, அழித்தாலும் அழியாது. கோபத்தில் ஸ்டேட்டஸில் ஒரு வரி போடுகிறோம், பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். அதற்குள் ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். நிற்க வேண்டியது போய்விடுகிறது, போக வேண்டியது நின்றுவிடுகிறது.

மூன்று, இது நம் குழுப் பெண்களுக்கு ரொம்ப முக்கியம். போன் யாருடையது? பல வீட்டில் அது வீட்டுக்காரர் போன், இல்லாவிட்டால் மகன் கையில் இருக்கிற போன். உடனடிக் கடன் தருகிறோம் என்று வருகிற செயலிகள் நம் போட்டோவையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு மிரட்டியதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. ஆனாலும் விதியை மதிக்காதவன் இருக்கத்தான் செய்வான். அப்படி மிரட்டல் வந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாம் மனசு விட்டு எழுதுவதை அப்படிப்பட்ட போனுக்குள் வைப்பதற்கு முன்னால் யோசிக்கணும்.

அப்போ நோட்டுதான் உத்தமமா? அதுவும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ஐ நாம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. பீரோவில் பூட்டி வைத்த பத்திரமும் சர்டிபிகேட்டும் ஊறிக் கூழாகிப்போனதை ஆற்றங்கரை ஊர்களில் பார்த்தோம். அதே நாளில் கரண்ட் இல்லை, பல இடத்தில் டவர் இல்லை, போனும் செத்துக் கிடந்தது. வெள்ளம் நோட்டையும் விடவில்லை, போனையும் விடவில்லை.

அப்படியானால் எது பிழைக்கிறது? நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். ஓலையும் செல் அரிக்கும், உதிரும். உ.வே.சாமிநாதையர் பழைய ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரைக்கும், நம் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். அவர் கைக்கு வந்த ஏடுகள் எல்லாம் யாரோ ஒருவர் பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதி வைத்ததால் வந்தவை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் அப்படித்தான். அவர் செத்து எண்பது வருடத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 1846 வாக்கில் கால்வா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் பிரதி எடுத்து வைத்தார். மூலத்தில் சில பகுதி தொலைந்தபோது பிரதிதான் கைகொடுத்தது. ஓலையோ, தாளோ, போனோ, இரண்டாவது பிரதி இருப்பதுதான் பிழைக்கும்.

அதனால் நான் இந்தச் சண்டையை இப்படித் தீர்க்கிறேன். எழுத உட்காரும்போது, "இதை யார் படிக்கணும்?"னு உங்களையே கேளுங்கள்.

கூலி, கடன், மருத்துவமனைத் தேதி, ஊசி போட்ட தேதி, நிலத்துக்குக் கட்டிய தீர்வை, இதெல்லாம் நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வேண்டியது. நோட்டில் எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது, அம்மா எப்படிப் பதநீர் காய்ச்சினாள், பெரிய குளம் பெருகினபோது ஊர் எப்படி இருந்தது, வானமாமலைப் பெருமாள் தேரோட்டத்துக்கு யார் யார் வருவார்கள், இதைப் பேசியே போனில் பதியலாம். பேத்திக்கு உங்கள் குரலும் கிடைக்கும்.

மூன்றாவது வகை, யாரும் படிக்க வேண்டாதது. மனசில் கிடக்கிற வருத்தம், கோபம், ஆசை. அதற்கு நோட்டுதான் நல்லது. அதைப் பூட்டலாம், எழுதி முடித்துக் கிழித்து அடுப்பில் போடலாம். போட்டால் போட்டதுதான், எங்கேயும் நகல் இருக்காது. ஆனால் வீட்டில் அடி உதை இருக்கிற சகோதரிக்கு நான் தனியாகச் சொல்லுகிறேன். நடந்த தேதியும் நடந்ததும் எழுதின நோட்டு வீட்டுக்குள் இருப்பதே ஆபத்தாக முடியலாம். அதை அம்மா வீட்டிலோ, நம்பின தோழி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். உதவிக்கு 181 எண் இருக்கிறது, இந்தக் கூட்டமைப்பும் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். மகளோ மருமகளோ ஒரு நோட்டு வைத்திருந்தால் அதைத் திறந்து பார்க்காதீர்கள். "அப்படி என்னத்தடி எழுதுத"ன்னு பிடுங்காதீர்கள். நமக்குக் கிடைக்காத ஒரு மூலை அவளுக்காவது கிடைக்கட்டும்.

வேலை ரொம்பச் சின்னது. இருபது ரூபாய் நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா ஒன்று. பல ஜெல் பேனாவின் மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், பால்பாயிண்ட் அவ்வளவு சீக்கிரம் கரையாது. நோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். தேதி போட்டு மூன்று வரி. இன்றைக்கு என்ன வேலை, என்ன வரவு செலவு, மனசு எப்படி இருந்தது. எழுத்துப் பிழை வந்தால் வரட்டும், திருத்த அங்கே டீச்சர் யாரும் இல்லை. ஒரு நாள் விட்டால் மறுநாள் எழுதுங்கள்.

கூட்டமைப்பிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை குழுக்களுக்குப் பதிவேடு வாங்கும்போது, ஆளுக்கொரு சின்ன நோட்டும் சேர்த்து வாங்குங்கள். அதை யாரும் தணிக்கை செய்யக் கூடாது, கிரேடிங் போடக் கூடாது. அட்டையில் அவரவர் பேர் மட்டும் இருந்தால் போதும். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று எழுத வேண்டாம்.