பஞ்சாயத்துக் கணினிக்குக் கட்டற்ற மென்பொருள்

(கள்ளக்குறிச்சி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



இன்று பஞ்சாயத்து நிர்வாகத்தில் கணினியின்றி நடைபெறும் காரியம் மிகச் சிலவே. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மத்திய அரசாங்கம் இ-கிராம் ஸ்வராஜ் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது. அதன் பின்னர்ப் பஞ்சாயத்தின் திட்டமும் வரவு செலவும் அதன் வழியே பதிவாகி வருகின்றன. ஊர்க் கணக்கைத் தாங்கும் கருவி எத்தகையது, அதன்மீது நமக்குள்ள உரிமை யாது என்று ஆராய்வது நம் கடமையன்றோ?

கணினி என்னும் பெட்டி தானாக இயங்குவதில்லை. அதனை இயக்குவதற்கு ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். அதனை இயங்குதளம் என்பர். பெரும்பாலும் நாம் காண்பது விண்டோஸ். அது ஒரு தனி நிறுவனத்தின் உடைமை. நாம் பணம் கொடுத்துப் பெறுவது அதனை உபயோகிக்கும் உரிமத்தை மட்டுமே. அதன் உள்ளமைப்பை ஆராயவோ, திருத்தவோ, அண்டை ஊருக்குப் படியெடுத்துக் கொடுக்கவோ நமக்கு உரிமையில்லை. உரிமமின்றிப் படியெடுத்து ஏற்றினால் அது சட்டவிரோதம்; அத்தகைய படிகளோடு நச்சுநிரல்களும் புகுந்துவிடக்கூடும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே கட்டற்ற மென்பொருள். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய லினக்ஸை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று லினக்ஸ் என்று பொதுவாக வழங்கப்படுவது. அதனை எவரும் உபயோகிக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். நம் முன்னோர் ஏரியைக் குடிமராமத்து முறையில் பேணினார்கள். வரத்துக் கால்வாயைத் தூர்வாரியவரும் கரையை உயர்த்தியவரும் ஊராரே. நீரின் பயனும் ஊர் அனைத்துக்கும் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளும் உலகத்தார் பலர் கூடிச் செய்யும் குடிமராமத்தே ஆகும்.

இது நம் மாநிலத்திற்குப் புதியதன்று. சி. உமாசங்கர் அவர்கள் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனத்தின் அலுவலகக் கணினிகள் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றப்பட்டன. 2007ஆம் ஆண்டு சீ-டாக் நிறுவனம், இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகின்றது. 2019ஆம் ஆண்டு நவம்பர் வரை நாம் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்திலும், குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து இளைஞர்களுக்கு இதனைக் கற்பித்து வருகின்றது.

இதனை இப்பொழுது வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றில் அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐ ஏற்ற இயலாது. நன்றாக உழைக்கும் பெட்டியைக் குப்பையில் தள்ளிப் புதியது வாங்குவதா? 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் போன்றது இயங்கும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரெ ஆஃபீஸ், இணையத்திற்கு ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. மிச்சமாகும் தொகை ஒரு தெருவிளக்குக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பயன்படுமே!

கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு இதில் மற்றுமொரு நன்மை உண்டு. மலைமேல் உள்ள குக்கிராமங்கள் பலவற்றில் அலைபேசித் தொடர்பு சீராக இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு சிறு பென் டிரைவில் லினக்ஸைப் படியெடுத்து வெள்ளிமலைக்குக் கொண்டுசென்றால், அங்கிருந்து பத்து ஊர்க் கணினிகளில் ஏற்றலாம். ஏற்றுவதற்கு இணையம் வேண்டுவதில்லை. எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. கடிதமும் கணக்கும் இணையமின்றியே எழுதலாம். மலையில் சாமை விதையை அண்டை வீட்டாருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது போன்றதே இது.

ஆவணங்களின் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். கிராம சபைத் தீர்மானத்திற்கு அந்நிலை நேரலாகாது. எந்த மென்பொருளாயினும் யூனிகோடு முறையில் எழுதுங்கள். எவரும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் சேமியுங்கள். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறை லினக்ஸிலும் உண்டு.

மாற்றத்தில் இடர்ப்பாடுகளும் உண்டு. பழகிய கைகளுக்குச் சில வாரங்கள் தடுமாற்றம் இருக்கும். அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, மின்கையொப்பச் சாவி ஆகியவற்றுள் சில லினக்ஸில் இயங்காமற் போகலாம். ஆகவே அவசரம் வேண்டாம். முதலில் கோப்புகள் அனைத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள். கணினியில் ஏற்றாமலேயே, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிச் சோதித்துப் பாருங்கள். பணப்பட்டுவாடா நடைபெறும் கணினியை வட்டார வளர்ச்சி அலுவலரின் ஆலோசனையின்றி மாற்றாதீர்கள். நூலகத்துக் கணினியிலோ, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலோ தொடங்குவது நலம். ஊரில் படித்த இளைஞர் இருவருக்கு அப்பொறுப்பைக் கொடுங்கள்; பழுது நேர்ந்தால் நகரத்திற்கு ஓடவேண்டிய நிலை படிப்படியாகக் குறையும்.

தன் கருவியைத் தானே பழுதுபார்க்கத் தெரிந்த உழவன் பிறர் கையை எதிர்பார்ப்பதில்லை. நம் பஞ்சாயத்துகளும் அத்தகைய தற்சார்பைப் பெறவேண்டும். அடுத்த கிராம சபையில் இப்பொருளை விவாதித்து, ஒரே ஒரு கணினியிலாவது இம்முயற்சியைத் தொடங்குமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றேன்.