படம் எப்படி இருந்தது?
(பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பேச இங்கே மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். என்னிடம் ஏற்பாட்டுக் குழுவினர், "நீங்கள் சினிமா, தொலைக்காட்சி பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். பொன்விழா மேடையில் சினிமாப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து, கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் நாம் என்ன பேசுகிறோம்? வீட்டு விசேஷம், ஊர்ச் செய்தி, மூன்றாவதாக, "புதுப் படம் பார்த்தியா? எப்படி இருக்கு?" அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வீட்டில் எல்லோரும் கூடி ஒரு படம் பார்த்தோம். படத்தின் பெயர் வேண்டாம். தொப்பி அணிந்த ஒருவன் தொழுதுவிட்டு எழுந்துபோய் வெடிகுண்டு வைக்கிறான். படம் முடிந்து எல்லோரும் சாப்பிட எழுந்துவிட்டோம். பத்து வயதுப் பேரன் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தபடி கேட்டான்: "நன்னா, ஸ்கூல்ல என் ஃபிரண்ட்ஸும் இந்தப் படம் பார்த்திருப்பாங்களா?"

"படந்தானேப்பா, விடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது நாளை வகுப்பில் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று. நான் சொன்னது, கேட்காதே என்று.

அன்பர்களே, நம் முன்னோர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போகிறவர்கள் அல்ல. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ராயல், டைமண்ட் திரையரங்குகள் இருந்த காலத்தை இங்கே உள்ள பெரியவர்கள் அறிவார்கள். படம் விட்டு நடந்து வரும்போதே வாதம் தொடங்கிவிடும். வசனம் பற்றி ஒருவர், பாட்டு பற்றி ஒருவர், "சிவாஜி கொஞ்சம் கூடுதலாகவே நடித்துவிட்டார்" என்று இன்னொருவர். 1978இல் 'பிரியா', 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' என்று சிங்கப்பூரில் எடுத்த படங்கள் வந்தபோது கதையைவிட, "அது எந்த இடம்?" என்ற சர்ச்சையே பெரிதாக இருந்தது.

எழுத்திலும் விமர்சனத்துக்கு மதிப்பு இருந்தது. ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போடும். '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மார்க் கொடுத்ததை இன்றும் சொல்வார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டரைதான், ஆனாலும் அதைப் பெருமையாகப் பேசினோம். மார்க் குறைவாகக் கொடுக்கிறவர் பாராட்டினால் அந்தப் பாராட்டுக்கு எடை உண்டு என்பது நமக்குத் தெரிந்திருந்தது. அந்த விகடனில் பணியாற்றிவிட்டு இங்கே வந்து தமிழ் முரசில் எழுதிய ஜே.எம். சாலி அவர்கள் 2012இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். பத்திரிகை எழுத்தும் ரசனையும் நம் சமூகத்துக்குத் தொலைவானவை அல்ல என்பதற்காக அவர் பெயரைச் சொல்கிறேன்.

இன்று நிலைமை என்ன? இந்தியாவைவிட நமக்கு நேரம் இரண்டரை மணி முன்னால். இங்கே முதல் காட்சி முடிந்ததும், சென்னையில் டிக்கெட்டோடு காத்திருப்பவருக்கு, "போகாதே" என்று இங்கிருந்தே வாட்ஸ்அப் போகிறது. யூடியூபில் ஒருவர் பத்து நிமிடத்தில் படத்தைக் கொண்டாடுகிறார். இன்னொருவர் பத்து நிமிடத்தில் புதைக்கிறார். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது, தியேட்டர் வாசலில் எடுத்த விமர்சனங்களைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. தயாரிப்பாளர் தரப்பு, முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. நீதிமன்றம் உடனே தடை விதிக்கவில்லை. விமர்சனம் கருத்துரிமையைச் சேர்ந்தது.

வாயை அடைப்பது தீர்வாகாது என்பதே என் எண்ணமும். ஆனால் நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. அடுத்தவரின் தீர்ப்பைக் கேட்டுவிட்டு அதை நம் கருத்தாகச் சொல்கிறோம். படம் பார்க்காதவரும் படத்துக்கு மார்க் போடுகிறார்.

இதில் நானும் குற்றவாளிதான். 2013இல் 'விஸ்வரூபம்' பிரச்சினை நினைவிருக்கும். தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில இடங்களில் ஒலியை நீக்கி பிப்ரவரி 7இல் அங்கே வெளியிட்டார்கள். அந்த வாரங்களில் நான் தேக்காவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினேன். ஒரு நண்பர் அமைதியாகக் கேட்டார்: "பாய், படம் பார்த்துட்டீங்களா?" நான் பார்க்கவில்லை.

மனம் புண்படுவது தவறல்ல. புண்பட்டதைச் சொல்வதும் தவறல்ல. ஆனால் சாட்சி சொல்கிறவன் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும் என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. பணத்துக்கும் சொத்துக்கும் சாட்சி கேட்கும் நாம், ஒரு கலைஞனின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த ஒழுங்கை விட்டுவிடலாமா?

சிங்கப்பூரில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2022 மே மாதம் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' என்ற இந்திப் படத்துக்கு இங்கே அனுமதி மறுத்தார்கள். முஸ்லிம்களைத் தூண்டிவிடும் விதத்திலும் ஒருதலைப்பட்சமாகவும் காட்டுகிறது, சமூகங்களுக்கிடையே பகை வளர்க்கக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அரசு காவல் காப்பது வெளி எல்லையைத்தான். அந்த எல்லைக்குள் வரும் நூறு படங்களில், ஒரு தொப்பி, ஒரு தாடி, பின்னணியில் ஒரு பாங்கு ஓசை என்று சேர்த்து வில்லனைச் செய்துவிடுகிறார்கள். அதற்குத் தணிக்கை இல்லை. அதைப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்ட வேண்டியது வீட்டில் உள்ள நாம்.

பேரனிடம் நான் பட்ட கடனை அடைக்க, 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தை அவனோடு பார்த்தேன். நாகூர் ஹனீபாவும் டி.எம். சௌந்தரராஜனும் சேர்ந்து பாடிய பெருநாள் பாட்டு உள்ள படம். கறுப்பு வெள்ளை என்றதும் கொட்டாவி விட்டான். இரண்டு இரவாகப் பார்த்து முடித்தோம். சிவாஜி ரஹீமாக வந்து ஏழைகளுக்காக நிற்பதைப் பார்த்து, "பார்த்தியா, நம்ம ஆளு ஹீரோ!" என்றேன்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நன்னா, ரஹீம் முஸ்லிமாப் பிறக்கலையே. இந்து வீட்டுப் பிள்ளையை முஸ்லிம் டாக்டர் எடுத்து வளர்க்குறாரு. முஸ்லிமாவே பிறந்தவரு ஹீரோவா இருந்தா என்ன?"

ஐம்பது வருடமாக அந்தப் படத்தைப் புகழ்ந்துகொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. நான் விடவில்லை. "வளர்த்த இஸ்மாயில் டாக்டர் யாரு? நாகையா நடிச்சாரே, அவர்தானே ரஹீமை நல்லவனாக்குனவரு? அப்ப நிஜ ஹீரோ அவர்தானே?" என்றேன். அதற்கு அவன் மறுப்புச் சொன்னான். பள்ளி நாள் என்று என் மகள் வந்து அதட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். முதல் படத்துக்குப் பிறகு நான் கொடுத்திருக்க வேண்டியது அந்தப் பேச்சுதான் என்று அன்று புரிந்தது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 2008இல் எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது. தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் அது. அதில் பேசுவது தமிழ். 2016இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' அதே கானில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இந்த அவையில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருக்கிறோம்? 2008 அக்டோபரில் வசந்தம் முழுநேர ஒளிவழியானதைக் கொண்டாடினோம். அதன் நாடகம் சுமாராக இருந்தால் ஒளிவழியை மாற்றிவிடுகிறோம். நன்றாக இருந்தால் ஒருவரும் இரண்டு வரி எழுதிப் போடுவதில்லை. பாராட்டும் வராமல், நியாயமான கண்டனமும் வராமல், இங்குள்ள கலைஞர் எதைப் பார்த்து வளர்வார்?

ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பார்த்துவிட்டுப் பேசுவோம். பார்க்கவில்லை என்றால், "இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, படம் முடிந்ததும் கால்மணி நேரம் பிள்ளைகளைப் பேச விடுவோம். யார் நல்லவர், யார் கெட்டவர், அப்படிக் காட்டியது நியாயமா என்று அவர்களையே கேட்போம். பதில் தமிழில் தட்டுத்தடுமாறி வந்தாலும் பொறுமையாகக் கேட்போம். வீட்டில் தமிழ் வளரவும் அது ஒரு வழி.

மூன்றாவது, சங்கம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு படத்தைக் குடும்பமாகப் பார்த்து விவாதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதில் ஒன்று சிங்கப்பூர்த் தமிழ்ப் படமாக இருக்கட்டும். இளையர்கள் எழுதும் விமர்சனத்தை நம் செய்தி மடலில் வெளியிடலாம்.

என் பேரனுக்கு இப்போது பதினான்கு வயது. போன வாரம் ஒரு புதுப் படம் பார்த்துவிட்டு வந்தான். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நீங்களும் பாருங்க நன்னா, அப்புறம் பேசலாம்" என்றான்.