செவியைக் காக்கக் கற்பிப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பில் காதால் கேட்பதே முதற்பாடம். வள்ளுவப் பெருந்தகையும் 'கேள்வி' என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார். அச்செவிக்குப் பேரொலியால் கேடு வராமல் காக்கக் கற்பிப்பது பள்ளியின் கடமையாகும்.

உட்செவியில் நத்தைக் கூட்டினைப் போல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. பேரொலியால் அவை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. வலியின்றிச் சிறுகச் சிறுகக் கேட்கும் திறன் குறைவதால், பிள்ளைக்கே அது தெரிவதில்லை. மெல்லிய ஒலிகள் மங்கிச் சொற்கள் குழம்புகின்றன. சொல்வதெழுதலில் பிழை செய்யும் அப்பிள்ளையை மந்தமென்று ஒதுக்குவது அநீதியாகும். அரசு மருத்துவமனையில் காதைச் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

காதிற் பொருத்திக் கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பிள்ளைகளுக்கென வகுத்த அளவு, 75 டெசிபலில் வாரத்திற்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். கருவியில்லாமலே அறிய ஒரு வழியுண்டு. கையெட்டும் தொலைவில் நிற்பவரோடு உரத்துப் பேச வேண்டியிருப்பின், அவ்விடத்து ஒலி மிகை என்று கொள்க.

ஆகவே மாணவர்க்கு மூன்று பழக்கங்களைக் கற்பிப்போம். ஒலிபெருக்கியையும் வெடியையும் விட்டு விலகி நிற்றல். இரைச்சலில் இருக்கும் நேரத்தைக் குறைத்தல். விலக இயலாதபோது காதடைப்பான் அணிதல். வெறும் பஞ்சு போதாது. திருவிழாவுக்குப் பின் காதில் இரைச்சல் கேட்டால் ஆசிரியரிடம் சொல்லவும் பழக்குவோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பறை நம் முன்னோர் போற்றிய இசைக்கருவி. அதனைக் கலையாகப் பயிலும் சிறுவர்க்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். இழவு வீட்டில் அடிப்பதற்காகப் பள்ளி நாளில் எந்தச் சிறுவனையும் அனுப்பாதீர்கள்.

கழகத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஒலி மாசு விதிகள், 2000, பள்ளியைச் சுற்றிய 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்க இடந்தருகின்றன. நம் குடியிருப்புப் பள்ளிகளுக்கு அவ்வறிவிப்பைப் பெற்றுத் தருவதை வெள்ளி விழா ஆண்டின் பணியாக ஏற்பீராக!

வளர்க கழகத்தின் கல்விப்பணி!