புற்றுநோயும் "கரண்டு" பயமும்



துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் வாயில் ஆறாத புண் வந்தால், தெய்வக் குற்றமென்று திருநீறு பூசி மாதக்கணக்கை வீணாக்குகிறோம். வாயில் அடக்கிய புகையிலையை மட்டும் யாரும் குற்றஞ் சொல்வதில்லை! டாக்டர் கதிர் கொடுக்கவேண்டுமென்றாலோ, "கரண்டு வைத்துச் சுட்டுவிடுவார்கள்" என்று ஓடுகிறோம்.

அது கரண்டுமல்ல, நெருப்புமல்ல. எக்ஸ்ரே இனத்தைச் சேர்ந்த, அதைவிட வலுவான கதிர். உயிரணுவின் டி.என்.ஏ. இழையை அறுத்துப் பெருகவிடாமல் செய்வது. நல்ல உயிரணுவுந்தான் அடிபடும்; வாய் புண்ணாகும், தோல் கறுக்கும். ஆனால் நல்லது தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளுமளவு புற்று பார்த்துக்கொள்ளாது. உங்கள் கடலில் முத்துக் குளித்தவர்கள் ஒரு முங்குக்கும் மறு முங்குக்கும் நடுவே மூச்சு வாங்கவில்லையா? அதற்காகத்தான் பல வாரம் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. அப்படியிருக்க, அவருக்குத் தனித் தட்டு வைத்துத் திண்ணைக்குத் தள்ளுவது தீண்டாமையின் புது அவதாரமல்லவா?

இது நமக்குப் புதிதுமல்ல. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார். 1957-ல் அங்கே கோபால்ட் கருவி வந்தது.

எல்லாப் புற்றும் தீருமென்று நாம் புளுகவில்லை. முற்றிப்போனால் வலியைத் தணிக்க மட்டுமே கதிர் உதவலாம். ஆகவே வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் பூசாரியிடமல்ல, டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.